காலுக்கு வைத்த மணல் மூட்டை

செமோர்
12.11.1984

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறாள். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை எழுதினால் அது பொய்யாகிவிடும். ஏற்கெனவே இந்த வீட்டில் ஒரு பொய் மூன்று மாதமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் பள்ளிக்கூடக் கொப்பியில் தாள் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீல ஏர்மெயில் தாளில் இது அடங்காது. வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதால் கையெழுத்து ஒரே மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள்.

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இடது கண்ணில் மட்டும் மறைக்கிறது என்கிறாள், டாக்டர் ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார். மழை விடாமல் பெய்கிறது, அடுப்படிப் பக்கம் கூரை ஒழுகி இரண்டு வாளி வைத்திருக்கிறோம். நீ பிறந்த தோட்டத்து லயன் வீடுகளைப் போன மாதம் இடித்துவிட்டார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற நாளிலிருந்து எதிர்பார்த்ததுதான். நான் இருபத்திரண்டு வருஷம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட ஸ்டோர் மட்டும் கூரை இல்லாமல் நிற்கிறது. மரக்கிடங்கில் வாட்ச்மேன் வேலை அப்படியே போகிறது, முதலாளி நல்ல சீனன், உன் தம்பியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு இந்த வருஷம் யாரும் எண்ணெய் தேய்க்கவில்லை, அம்மா சாமிக்கு மட்டும் இரண்டு முறுக்கு சுட்டு வைத்தாள். நான் பேச்சைத் தள்ளிக்கொண்டே போகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அக்டோபரில் நீ தம்பி ஜெயபாலனுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. உணர்ச்சி இல்லாத காலை வைத்துக்கொண்டு வெந்நீர் பிளாஸ்கை மடியில் வைப்பாயா, அதைக் கொட்டியும் கொள்வாயா, இவ்வளவு அலட்சியமா, அம்மாவும் அப்பாவும் ஆறு வருஷமாகப் படும் பாடு உனக்குப் போதாதா என்று கேட்டிருந்தாய். அவன் அதை இரண்டு தடவை படித்தான். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நவமணி, உன் தம்பி எந்த பிளாஸ்கையும் கொட்டிக்கொள்ளவில்லை. அவன் காலைச் சுட்டது நான்.

எப்படி என்று முழுவதும் எழுதுகிறேன், நீ நர்ஸ் வேலை பார்ப்பவள், உனக்கு முழுவதும் தெரிய வேண்டும். எழுபத்தெட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போன பிறகு, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறத் தெம்பு வேண்டும் என்றுதான் அவன் இரும்பு தூக்க ஆரம்பித்தான், அது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் கார்த்திகேசு சார் ஈப்போவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இப்படிக் கால் இல்லாதவர்கள், கால் வராதவர்கள் பதினொரு பேருக்குப் பலகையில் படுத்துக்கொண்டு பார் தூக்கக் கற்றுக்கொடுக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர், ஆனால் ஒரு காசு வாங்குவதில்லை. அவரிடம் ஒரு விஷயம் கண்டிப்பு. உடம்பு சூடாகாமல் எவனும் பாரைத் தொடக்கூடாது. நடக்கிறவன் நாலு சுற்று ஓடினால் உடம்பு சூடாகிவிடும், இவர்கள் எப்படி ஓடுவது. அதனால் முதலில் நாற்காலியை உருட்டிக்கொண்டு திடலைப் பத்துச் சுற்று வர வேண்டும், நெற்றியில் வேர்வை வந்தால்தான் உள்ளே விடுவார். இடுப்புக்குக் கீழே வேர்க்காதவர்கள் சீக்கிரம் கொதித்துவிடுவார்கள் என்று கழுத்தில் ஈரத் துண்டு போடச் சொல்லுவார். பிறகு சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி முன்னாலும் பக்கவாட்டிலும் இழுக்க வேண்டும், விளக்குமாற்றுக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், நாள் முழுக்க நாற்காலி தள்ளுகிறவர்களுக்குத் தோள்தான் முதலில் கெடும் என்பார். அதற்குப் பிறகு வெறும் பார் இருபது தடவை, நாற்பது கிலோ பத்து, அறுபது ஐந்து, எண்பது இரண்டு, அப்புறம்தான் உண்மையான பாரம். மூத்திரப்பை காலியா என்று கூச்சப்படாமல் எல்லோர் முன்னாலும் கேட்பார், அது நிறைந்திருந்தால் கால் உதறும். ஜெயபாலனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் செய்து காட்டுவான்.

அவனுடைய கஷ்டம் வேறு. பலகையில் படுக்க வைத்து வாரால் கட்டியவுடன் அவன் கால் இரண்டும் தானாக வெட்டி இழுக்கும். ஏப்ரல் போட்டியில் நூற்றைந்து கிலோ கை முழுக்க நீட்டி மேலே நிற்கும்போது கால் உதறி உடம்பே சாய்ந்துவிட்டது, தூக்கியது செல்லாது என்று மூன்று சிவப்பு விளக்கு. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவன், கை தூக்குச்சுப்பா, காலுதான் விடலை, என்றே சொல்லிக்கொண்டு வந்தான். அதைத்தான் நான் உனக்கு எழுதிக் கேட்டேன். நீயும் ஜூலையில் இரண்டு பக்கம் பதில் எழுதினாய். போட்டிக்கு முன்னால் இரண்டு காலையும் மெதுவாக நீட்டி, மடக்கி, ஒவ்வொரு பக்கமும் முப்பது எண்ணும் வரை பிடித்து, அரை மணி நேரம் செய்ய வேண்டும் என்று எழுதினாய். வார் இறுக்கமா, கால்சட்டையில் மடிப்பு இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். அதற்குக் கீழே கோடு போட்டு, உணர்ச்சி இல்லாத இடத்தில் எந்தச் சூடும் வைக்கக்கூடாது, வெந்நீர்ப் பையோ ஒத்தடமோ எதுவும் கூடாது என்று எழுதியிருந்தாய்.

உன் கடிதம் வந்தால் நான்தான் சத்தமாகப் படிப்பேன். அன்றைக்கும் அவன் ஜன்னலில் டியூபை இழுத்துக்கொண்டிருந்தான், அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ கோடு போட்ட அந்த வரியை நான் படிக்கவில்லை. தாண்டிப் போய்விட்டேன். தெரியாமல் தாண்டவில்லை. இத்தனை வருஷம் அவன் காலுக்கு வெந்நீரில் துணி நனைத்து நான்தான் பிடித்துவிடுகிறேன், ஒரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை, ஒத்தடம் கொடுத்த அன்றைக்கு இழுப்பு குறைவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இங்கிலீஷ் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு மகள் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்று ஒரு வீம்பு. அவன் காதில் விழுந்தால் வேண்டாம் என்பான் என்பதும் தெரியும். அதனால் படிக்கவில்லை. கடிதத்தை மடித்து என் டின் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டி. அதில் ஜெயித்தால் கோலாலம்பூர், அங்கே ஜெயித்தால் வெளிநாடு. விடிகாலையிலிருந்து மழை, வழியில் தண்ணீர் ஏறி வேன் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. மண்டபத்துக்குப் போனபோது அவன் பெயரைக் கூப்பிட இன்னும் அரை மணிதான் இருந்தது. திடலெல்லாம் சேறு, நாற்காலி உருட்ட இடமில்லை. கார்த்திகேசு சார் அவனைத் தாழ்வாரத்தில் டியூப் இழுக்க வைத்துவிட்டு எடை பார்க்கிற இடத்துக்கு ஓடிவிட்டார். என்னிடம், ஐயாவு, நீர் காலை நீட்டி மடக்கி விடும், வேறொன்றும் வேண்டாம், என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். நனைந்து வந்ததாலோ என்னவோ கால் அன்றைக்கு ரொம்ப உதறியது. ஒரு பக்கம் நீட்டினால் மறுபக்கம் வெட்டியது. அரை மணி செய்ய வேண்டியதை எங்கே செய்வது. நான் வீட்டிலிருந்தே ஈயம் தோண்டிய பழைய குட்டையின் மணலை இரண்டு மாவுத்துணிப் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன், தேவைப்பட்டால் என்று. கேண்டீனில் ஒரு மலாய்க்கார அம்மா அடுப்பில் மீ பிரட்டிக்கொண்டிருந்தார், அவரிடம் கேட்டு ஒரு சட்டியில் மணலைப் போட்டு வறுத்துத் திரும்பப் பையில் கட்டினேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், இதமாகத்தான் இருந்தது. அந்த அம்மா பையை நகர்த்த ஒரு முனையைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு, பானாஸ் சாங்காட் லா, பாக்சிக், ரொம்பச் சூடு ஐயா, என்றார். நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷம் புகை அறையில் கையை விட்டே சூடு பார்த்தவன் நான் என்று அரைகுறை மலாயில் அவருக்குப் பெருமையாகச் சொன்னேன். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் கையே காய்த்துச் செத்துப்போயிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. என் கைக்கும் தெரியவில்லை, அவன் காலுக்கும் தெரியவில்லை.

இரண்டு கெண்டைக்காலுக்கும் கீழே பையை வைத்து, மேலே துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அவன் டியூபை இழுத்துக்கொண்டே குனிந்து பார்த்தான். அப்பா, சூடு சரியா இருக்கா, என்று கேட்டான். சரியாத்தான் இருக்கு, நீ கையப் பாரு, என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை, என்னை நம்பினான். பெயரைக் கூப்பிடும்வரை பதினைந்து நிமிஷம் அந்தப் பை அவன் காலில் இருந்தது.

கால் உதறவில்லை நவமணி. மூன்று தடவையும் கட்டை மாதிரிக் கிடந்தது. நூறு தூக்கினான், நூற்றைந்து தூக்கினான், மூன்றாவதாக நூற்றுப் பத்து. மூன்றும் வெள்ளை விளக்கு. மண்டபம் முழுக்கக் கைதட்டியது, கார்த்திகேசு சார் அவன் தலையைப் பிடித்து ஆட்டினார். சுங்காய் ராமையா என்று ஒருவன், பனைமரத்திலிருந்து விழுந்து இவனைப் போலவே ஆனவன், கொட்டகையில் இவனோடு பழகுகிறவன், என்னிடம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அண்ணே, தம்பிக்கு இன்னிக்குக் காலு ஒதறவே இல்லையே, என்னா பண்ணீங்க, என்று கேட்டான். நான் அவனுக்கும் விவரமாகச் சொல்லிக்கொடுத்தேன். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எல்லாம்.

வீட்டுக்கு வந்து அம்மா அவன் கால்சட்டையைக் கழற்றியபோது துணியோடு தோலும் வந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயபாலன் தன் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான். பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க வாயத் தொறக்காதீங்கப்பா, நானே வெந்நீ பிளாஸ்க கொட்டிக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன், நீங்கன்னு தெரிஞ்சா கண்டபடி கேப்பாங்க லா, என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் கேட்டபோது அவன் சொன்னான், நான் பக்கத்தில் நின்றேன். கார்த்திகேசு சார் கேட்டபோதும் அவனே சொன்னான். அவர் முகம் கறுத்துப்போய், உம்மை வைத்து மற்றவர்களுக்குப் படிப்பித்தேனே, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போட்டி நடத்துகிறவர்கள் கவனமில்லாதவன் என்று பேசிக்கொண்டார்கள், கோலாலம்பூருக்கு அவன் இடத்துக்கு வேறு ஆளை அனுப்பினார்கள். அதையும் அவன் கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், ஒவ்வொரு தடவையும் சொல்வதற்கு முன்னைவிடக் கஷ்டமாக இருக்கும்.

இடது கால் மெதுவாக ஆற ஆரம்பித்தது. வலது காலில் எலும்புவரை போய்விட்டது. வாடை வந்தது, காய்ச்சல் இறங்கவில்லை, செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதை உனக்குத் தந்தியில் சொன்னோம், காரணத்தைக் கடிதத்தில் பொய்யாக எழுதினேன். அந்தப் பொய்யை என் கையாலேயே உனக்கு எழுதினேன், அதைப் படித்துவிட்டுத்தான் நீ அவனைத் திட்டினாய்.

உன் கடிதம் வந்த பிறகு தீபாவளிக்கு மறுநாள் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரு கிண்ணத்தை எடுத்து முன்னால் வைத்தாள். அதில் மணல். அன்றைக்கே அவன் கால்சட்டை மடிப்பிலும் துண்டிலும் இருந்ததைத் துவைக்கும்போது எடுத்து வைத்திருக்கிறாள். பிளாஸ்க்ல ஏதுங்க மணலு, என்றாள். இரண்டு மாதம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் காத்திருந்திருக்கிறாள். நீங்களே மகளுக்கு எழுதுறீங்களா, இல்ல நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டு எழுதச் சொல்லவா, என்றாள். எழுதுகிறேன் என்றேன். மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க, என்றாள். அவனுக்குத் தெரியுமே என்றேன். என்னா தெரியும், எல்லாம் தெரியுமா, என்று கேட்டாள். நீ கோடு போட்ட வரி அவளுக்குத் தெரியாது, ஆனால் என் முகத்தில் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம், உன் கடிதத்தில் ஒரு வரியை மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தான். அவன் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது, அப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்று. அதற்காகத்தான் என்னை மூடி மறைத்தான். அக்கா எழுதியிருந்துச்சா, என்று கேட்டான். ஆமாம் என்றேன். நீங்க படிச்சீங்களா. படித்தேன். எனக்குப் படிச்சுக் காட்டல, என்றான். அது கேள்வி இல்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாலு நாள் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட அம்மாவைக் கூப்பிடுவான், அவள் கடைக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருப்பான். நான் தூக்கிப் படுக்கையில் விடப் போனால் கையை நீட்டித் தடுத்துவிட்டுத் தானே மாறுவான், ஒரு கால் போன பிறகு அவனுக்கு எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது, இரண்டு தடவை விழப் பார்த்தான், ஆனாலும் என் கையைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில், அந்தக் கடுதாசி எங்க, என்றான். டின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் படித்தான். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தான். பிறகு திருப்பிக் கொடுத்து, இதக் கொண்டுபோயி கார்த்திகேசு சார்கிட்ட குடுங்க, எல்லாருக்கும் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, ஒரு வரி விடாம, என்றான். நான் வெட்கத்தைப் பார்க்காமல் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னேன். கார்த்திகேசு சார் உன் கடிதத்தைத் தமிழில் படித்து, சீனருக்கும் மலாய்க்காரருக்கும் மலாயில் சொன்னார். படித்து முடித்த பிறகு என்னைப் பார்த்து, மூன்று மாதமாக நான் இவர்களுக்குப் பிளாஸ்கைப் பற்றிப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன், சூட்டு மூட்டையைப் பற்றி ஒருவனுக்கும் சொல்லவில்லை, நீர் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன், என்றார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலாம். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், ஜெயபாலன் போக பத்துப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது பேர்தான். ராமையா ஒரு மாதமாக வரவில்லை என்றார்கள்.

மறுநாள் முதல் பஸ் பிடித்துச் சுங்காய் போனேன். அங்கிருந்து அவன் இருக்கிற தோட்டத்துக்கு ஒரு லோரியில் ஏறிப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். ராமையா என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், தம்பி எப்படிண்ணே, என்றான். நான், உன் காலைக் காட்டு, என்றேன். சப்பாத்து கடிச்சிருக்குண்ணே, வேற ஒண்ணும் இல்ல, என்று மழுப்பினான். துணியை அவிழ்த்தால் குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பு, சுற்றிலும் வீக்கம். செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி, நான் சொன்ன நேரக் கணக்குப்படியே வாரம் மூன்று தடவை வைத்திருக்கிறான். நீங்க சொன்னதுதானேண்ணே செஞ்சேன், என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான். அவன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே அவனைத் தாப்பா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும், இப்போது கால் தங்கும் என்று டாக்டர் சொன்னார். வீடு வந்து இதை ஜெயபாலனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு, கால் இருக்குமா, என்றான். இருக்கும் என்றேன். ம், என்றான். அதற்கு அப்புறம்தான் என்னோடு தேவைக்குப் பேசுகிறான். பழைய மாதிரி இல்லை. அது வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இடது காலில் இன்னும் ஒரு விரல் நீளப் புண் இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். தினமும் கண்ணாடி வைத்து அவனே பார்த்துக்கொள்கிறான், என்னைப் பார்க்க விடுவதில்லை. பலகையில் படுத்தால் இப்போது உடம்பு இடது பக்கம் உருளும், வலது பக்கத்துக்கு அணை கொடுத்துப் புதிதாக வார் கட்டித்தான் பழக்க வேண்டும் என்று கார்த்திகேசு சார் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவன் காதில் விழுந்திருக்கும். ஜன்னலில் கட்டிய டியூபைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு வேதனையாக இருக்குமோ என்று நான் அவிழ்க்கப் போனேன், இருக்கட்டும், என்றான். ஆனால் இழுக்கவும் இல்லை. இன்னும் எவ்வளவு நாள் இப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு நீ எழுதுகிறாயா என்று கேட்டேன். நீங்களே எழுதுங்க, நான் எழுதினா உங்கள மறுபடியும் மறைச்சு எழுதிருவேன், என்றான். அதனால் நான் எழுதிவிட்டேன். எதையும் விடவில்லை. அம்மா எழுதச் சொன்னது: குழந்தைக்குக் காது மூடித் துணி கட்ட வேண்டுமாம், நீ வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகக் கூடாதாம், அழுதுவிட்டு வேலைக்குப் போகாதே, ஊசி போடுகிற கை என்கிறாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் அவளுடைய ஆசீர்வாதம், நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைய வருஷம் இருக்க வேண்டும். என் ஆசீர்வாதத்தை எழுத இன்றைக்குக் கை வரவில்லை, அம்மாவுடையதிலேயே என்னையும் சேர்த்துக்கொள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, சீக்கிரம் போடு. உறையின் மேல் அவன் பெயரை மட்டும் எழுது. நான் பிரிக்க மாட்டேன், படிக்கவும் மாட்டேன், அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். எனக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக் கஷ்டப்படாதே. ஒன்றும் வராவிட்டாலும் எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஐயாவு